ஒரே கோட்டுக்கு இரண்டு மதிப்பெண்

மிலாதா த்ரோஸ்தோவாவுக்கு நாற்காலி என்றாலே ஆகாது. உருளைக்கிழங்கை நின்றபடியே தோலுரிப்பாள். கடிதம் வந்தால் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் இடையே நடந்துகொண்டே படிப்பாள். அவள் கணவன் ஓல்தா இரும்பாலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரே வேடிக்கையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வான்: "நாலு நாற்காலி வாங்கினோம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் காலுக்கு, ஒண்ணு என் தொப்பிக்கு. நாலாவது சும்மா நிக்குது, அவளை மாதிரியே."

லெஸ்னோவ் நகரத்து இரும்பாலைச் சங்கத்தின் பனித்தளத்தில் அவள் குழந்தைகளுக்குச் சறுக்கு சொல்லித்தரும் பயிற்சியாளர். நுழைவாயில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய போட்டி வரலாறு தட்டச்சு செய்து ஒட்டப்பட்டிருந்தது. 1958இல் மாகாணத்தில் ஏழாவது. அடுத்த வருடம் நான்காவது. அறுபதில் இரண்டாவது. அறுபத்தொன்றில் மாகாணச் சாம்பியன். அறுபத்திரண்டில் மறுபடி இரண்டாவது. அறுபத்துமூன்றுக்கு எதிரே 'பாதியில் விலகினார்' என்று மட்டும் இருந்தது. ஆறு பருவம், ஆறு வரி. மாகாணத்தில் முதலிடம் பெற்றவர்களுக்குத்தான் சம்பளத்தோடு பயிற்சியாளர் உரிமம் என்பது விதி. ஆகவே அந்த நான்காவது வரிதான் அவளுக்குச் சோறு போட்டது.

அந்த வரி பொய் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இன்று தொலைக்காட்சியில் தாவுவதையும் சுழல்வதையும் பார்த்துவிட்டு அதுதான் சறுக்கு என்று நினைப்பவர்களுக்கு அந்தக் காலத்துப் போட்டி விளங்காது. பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் கட்டாய வடிவங்களுக்குத்தான். இசை கிடையாது, பளபளக்கும் உடை கிடையாது. துடைத்து வைத்த பனியில் ஒற்றைக் காலில் நின்று எட்டு வடிவம் ஒன்று போட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே இன்னும் இரண்டு தடவை போக வேண்டும். சறுக்குக் காலணியின் தகட்டுக்கு இரண்டு விளிம்பு உண்டு. ஒன்றில் மட்டும் சாய்ந்து போனால் பனியில் ஒரு கோடு விழும். கொஞ்சம் தடுமாறினால் இரண்டாவது விளிம்பும் பதிந்து இரட்டைக் கோடாகிவிடும். சறுக்கியவர் தளத்தை விட்டு விலகியதும் கம்பளிக் காலணி போட்ட நடுவர்கள் ஐந்து பேர் வருவார்கள். குனிவார்கள், சிலர் மண்டியிடுவார்கள். ஆளை அல்ல, கோட்டைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அதுதான் அந்த முறையின் பெருமை என்று எல்லோரும் சொன்னார்கள். முகம் பார்க்காத நீதி, பனியில் எழுதிய சாட்சி. மிலாதாவும் அதை நம்பித்தான் வளர்ந்தாள். ஓரிடத்தில் நிற்காத அந்தப் பெண்ணுக்கு மெதுவாகப் போகும் கோடு கைவந்ததே ஊருக்கு வியப்பு. பனியில் போய்க்கொண்டே இருக்கலாம், நிற்க வேண்டியதில்லை, அதனால்தான் வந்தது.

அறுபத்தொன்று மார்ச்சில் போட்டி லெஸ்னோவிலேயே நடந்தது. பக்கச் சுவர் இல்லாத கூரைத் தளம். அன்று வெதுவெதுப்பான தெற்குக் காற்று உள்ளே புகுந்து, பனியின் மேல் இடுப்பளவுக்கு மூடுபனி தேங்கி நின்றது. ஐந்து வடிவங்கள் முடிந்தபோது ப்ராத்லோவ் நெசவு நகரத்திலிருந்து வந்த ஹெத்விகா ஷிமாகோவா மிலாதாவைவிடக் கொஞ்சம் முன்னால் இருந்தாள். கடைசி வடிவம் இடது காலில் பின்னோக்கிப் போடும் கண்ணி. எட்டின் ஒவ்வொரு வட்டத்தின் உச்சியிலும் முட்டை அளவில் ஒரு சுருக்கு விழ வேண்டும். ஹெத்விகா முதலில் போட்டாள். நடுவர்கள் வந்து பார்த்து அட்டைகளைத் தூக்கினார்கள். ஆறுக்கு நான்கு புள்ளி நான்கு. மற்றவர்களும் அதை ஒட்டித்தான்.

அடுத்து மிலாதா. ஹெத்விகாவின் கோட்டுக்குப் பக்கத்தில் ஐந்தடி தள்ளி, அடியில் ஓடும் குழாயின் துரு தேநீர்க் கறை போலத் தெரிந்த இடத்தருகே தொடங்கினாள். மூன்றாவது சுற்றில் கணுக்கால் நடுங்கியது. சுருக்கின் கழுத்தில் இரட்டைக் கோடு விழுந்தது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, காலே சொல்லிவிட்டது. வெளியே வந்து மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடுவர்கள் மூடுபனிக்குள் இறங்கினார்கள். முன்னால் தலைமை நடுவர் ஸ்லாவிக், பின்னால் நால்வர். ஸ்லாவிக் நின்ற இடத்தில் துருக்கறை இல்லை. அவர் நின்றது ஹெத்விகாவின் கோட்டருகே. அவர் குனிந்தார், நால்வரும் குனிந்தார்கள். அவர் மண்டியிட்டார், இருவர் மண்டியிட்டார்கள். தலைமை நடுவர் தவறான இடத்தில் நிற்கிறார் என்று சொல்ல அந்த நாட்டில் அன்று ஒரு வாய் இல்லை. ஐந்து ஜோடிக் கண்கள், ஒரே ஒரு தலை.

மிலாதா வாயைத் திறந்தாள். அதற்குள் அட்டைகள் உயர்ந்துவிட்டன. ஐந்து புள்ளி ஒன்று. ஐந்து. ஐந்து புள்ளி இரண்டு. அவள் வாழ்நாளில் ஐந்தைத் தொட்டதே இல்லை. திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடத்தில் வெந்நீர்ப் பீப்பாயை இழுத்து வந்து தளத்தைக் கழுவிவிட்டார்கள். மறுநாள் இசையோடு ஆடும் சுற்றில் இருவரும் ஏறக்குறையச் சமம். முந்திய நாள் மதிப்பெண்ணால் மிலாதா வென்றாள்.

மேடைக்குக் கீழே அவள் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "நேத்து மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன். கண்ணைத் திறந்து பாத்துட்டா." மாதா கண் திறக்கவில்லை, மூடுபனி ஐந்து பேர் கண்ணை மூடியது, அவ்வளவுதான். சங்கச் செயலாளரோ உழைக்கும் வர்க்கத்தின் வெற்றி என்று பேசினார். தோற்றவளும் நெசவாலைக் கூலியின் மகள்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கண்ணியை மிலாதாவால் நிம்மதியாகப் போட முடிந்ததே இல்லை. அறுபத்துமூன்றில் போட்டியின் நடுவே, அதே வடிவத்தின் சுருக்குக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கால் நகரவில்லை. வெளியே வந்து காலணியைக் கழற்றினாள். காயமா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். ஓரிடத்தில் நிற்காத பழக்கம் முன்பே உண்டு; நாற்காலி ஆகாமல் போனது அன்றிலிருந்துதான்.

அந்த வெற்றிக்கு ஏழு வருடம் கழித்து, 1968 பிப்ரவரியில், ஒரு ஞாயிறு காலை ஹெத்விகா தளத்துக்கு வந்தாள். குழந்தைகள் ஆளுக்கொரு கட்டத்தில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தடுப்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ கொஞ்சங்கூட மாறலடி மிலா. அப்பவும் ஒரு இடத்துல நிக்க மாட்டே."

"நீ மாறிட்டே. நகமெல்லாம் ஏன் நீலமா இருக்கு?"

"சாயப் பட்டறை. இந்த வாரம் நீலம். போன வாரம் வந்திருந்தா சிவப்பு. உன் பிள்ளைங்க என்னைக் கொலைகாரின்னு நினைச்சு ஓடியிருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். ஹெத்விகா கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள்.

"எங்க ஊர்லயும் தளம் போட்டுட்டாங்க. நாப்பது பிள்ளைங்க பேர் குடுத்திருக்கு, சொல்லிக்குடுக்க ஆள் இல்ல. நான் மனு போட்டேன். முதலிடம் வாங்கினவங்களுக்கு மட்டும்தான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீ சாம்பியன். உன் கையெழுத்துல ரெண்டு வரி எழுதிக்குடு. 'ஹெத்விகா என்னைவிட ஒண்ணும் மோசமில்ல'ன்னு. அது போதும்."

மிலாதா தாளை வாங்கவில்லை. தடுப்பை ஒட்டி அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பி வந்தாள்.

"ஹெதா, அறுபத்தொண்ணு ஞாபகம் இருக்கா? கடைசிக் கண்ணி?"

"நாலு புள்ளி நாலு," என்றாள் ஹெத்விகா உடனே. "நாலு அஞ்சு. நாலு மூணு. மறுபடி நாலு நாலு. கடைசி ஆள் நாலு ஆறு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"எனக்கு அஞ்சு ஒண்ணு."

"தெரியும். அதுலதானே நான் தோத்துப் போனேன்."

"அவங்க என் கோட்டைப் பாக்கல. உன்னுதைப் பாத்துட்டு எனக்குப் போட்டாங்க. என்னுது துருக்கறை பக்கத்துல இருந்துச்சு, இரட்டைக் கோடு. பனிமூட்டத்துல ஸ்லாவிக் தப்பான இடத்துல நின்னுட்டார். நான் பாத்தேன். சொல்லல."

ஹெத்விகா கையிலிருந்த தாளைத் தடுப்பின் மேல் வைத்தாள்.

"என் கோட்டுக்கு எனக்கு நாலு நாலு. அதே கோட்டுக்கு உனக்கு அஞ்சு ஒண்ணா?"

"அதே கோட்டுக்கு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். குழந்தைகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு சட்டென்று நின்றது.

"ஏழு வருஷமா என் கண்ணி சரியில்லன்னு நினைச்சிட்டிருக்கேன்டி," என்றாள். "அந்த நாலு நாலுக்காகத்தான் அடுத்த வருஷம் பூரா அதை மாத்தி மாத்திப் போட்டேன். சின்னதாக்கினேன், பெருசாக்கினேன். நல்லா இருந்ததையும் கெடுத்துக்கிட்டேன். மூணாவதா வந்தேன். விட்டுட்டேன். பதக்கத்தை நீ வச்சுக்கோ, அது தகரம். என் கண்ணி நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு தபால் அட்டை போதுமேடி."

ஹெத்விகா மனுவை மடித்துப் பையில் போட்டாள்.

"சிபாரிசு வேண்டாம். நடந்ததை எழுது. எங்க எழுதணுமோ அங்க எழுது."

அந்த வசந்தத்தில் நாடே மனு எழுதிக்கொண்டிருந்தது. பழைய வழக்குகளைத் திறக்கிறார்கள், தவறுகளைத் திருத்துகிறார்கள் என்று செய்தித்தாள்கள் தினம் சொல்லின. ஆனாலும் மிலாதா மூன்று வாரம் எழுதவில்லை. எழுதினால் நான்காவது வரி போகும். வரி போனால் உரிமம் போகும், குழந்தைகள் போவார்கள். சமையலறையில் அவள் நடை இரட்டிப்பானது. ஓல்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவன் ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவிக்கொண்டிருந்தான். தடவி முடித்து, உப்பு தூவி, ஒரு கடி கடித்துவிட்டுத்தான் பேசினான்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போயிடும்."

"சொல்லாட்டி?"

"இப்படியே நடப்பேன்."

"அப்போ சொல்லிடு தாயே. கீழ் வீட்டுக்காரன் ஏற்கெனவே கேக்கறான், மேல குதிரை வளக்கறீங்களான்னு."

மறுநாளே மிலாதா எழுதிப் போட்டாள்; ஹெத்விகாவும் தன் மனுவை மறுபடி அனுப்பினாள். ஏப்ரலில் மாகாண விளையாட்டு நிர்வாகக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் நால்வர். நடுவில் ஸ்லாவிக். அவர் இப்போது குழுவின் தலைவர். நரைத்த தலை, மரியாதையான பேச்சு. உட்காரச் சொன்னார்கள். மிலாதா நின்றாள்.

"தோழர் த்ரோஸ்தோவா," என்றார் ஸ்லாவிக், "ஏழு வருஷத்துக்கு முந்தின பனியைப் பத்திப் பேச வந்திருக்கீங்க. அது உருகி ஆத்துல கலந்து, இந்நேரம் கடலுக்கே போயிருக்கும்."

"பனி போயிடுச்சு தோழர். உங்க குறிப்புச் சீட்டு போகலையே. ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்துல காரணம் எழுதுவீங்க. அந்தக் கட்டு இந்தக் கட்டடத்துலதான் இருக்கு. எடுத்துப் படிக்கலாமே."

நால்வரும் ஸ்லாவிக்கைப் பார்த்தார்கள். முந்திய வருடமாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இந்த வசந்தத்தில் மறுக்க அவருக்குத் துணிவில்லை. எழுத்தர் பெண் நூல் கட்டிய ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்தாள். ஸ்லாவிக் மூக்குக் கண்ணாடியை மாட்டித் தன் கையெழுத்தைத் தானே படித்தார். ஹெத்விகாவுக்கு எதிரே: 'சுருக்கு நீளம். மூன்றாம் சுற்று விரலகலம் வெளியே, கட்டுப்பாடு இல்லை.' மிலாதாவுக்கு எதிரே: 'சுருக்கு நீளம், அழகு. மூன்றாம் சுற்று விரலகலம் வெளியே, துணிச்சல்.'

மற்ற நடுவர்களின் சீட்டுகளிலும் இதே கதைதான். அறையில் நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"என் கோட்டுல இரட்டைத் தடம் இருந்துச்சு," என்றாள் மிலாதா. "அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட அதை எழுதல. ஏன்னா யாரும் அதைப் பாக்கல. நீங்க பாத்தது ஒரே கோடு. ப்ராத்லோவ் பொண்ணு போட்டா கட்டுப்பாடு இல்ல. இரும்பாலைப் பொண்ணு போட்டா துணிச்சல். நான் திருடினது ஒரு தடவை. இதை நீங்க எத்தனை வருஷமா செய்யறீங்க?"

ஸ்லாவிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "பரிசீலிப்போம்," என்றார். நால்வரும் தலையசைத்தார்கள்.

அதுதான் விஷயம். ஒரு சாம்பியனை மாற்றுவது அவர்களுக்குப் பெரிதல்ல. ஆனால் மாற்றினால், ஒரே கோட்டுக்கு இரண்டு மதிப்பெண் போட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் இருபது வருடப் பட்டியல் முழுவதையும் யாராவது திறக்கச் சொல்வார்கள். நீதிக்குப் பயப்படுகிறவன் தவறைத் திருத்த மாட்டான், தவறு நடந்த இடத்தையே அழித்துவிடுவான்.

பதில் அக்டோபரில் வந்தது. அதற்குள் ஆகஸ்டில் வெளிநாட்டு ராணுவ டாங்கிகள் நாட்டுக்குள் புகுந்து அந்த வசந்தத்தை முடித்துவிட்டன. திறந்த கட்டுகளை எல்லா அலுவலகங்களும் மறுபடி கட்டிக்கொண்டிருந்த நேரம். மிலாதா ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடி படித்தாள். 'முரண்பட்ட தகவல்களை முன்னிட்டு, 1961ஆம் ஆண்டு மகளிர் சாம்பியன் பட்டம் எவருக்கும் வழங்கப்படவில்லை எனக் கொள்ளப்படும். தோழர் த்ரோஸ்தோவாவின் உரிமம் ரத்து செய்யப்படுகிறது. தோழர் ஷிமாகோவாவின் மனு தகுதியின்மையால் நிராகரிக்கப்படுகிறது.'

கண்ணாடிப் பெட்டியில் நான்காவது வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். சங்கம் அவளை வெளியே தள்ளவில்லை. தளத்தைக் கழுவும் வேலை கொடுத்தது. ஒருகாலத்தில் அவளுடைய இரட்டைக் கோட்டை அழித்த அதே பீப்பாயை அவள் இழுத்தாள். வேலை பிடித்திருந்தது. நிற்க வேண்டியதில்லை.

நவம்பரில் ஒரு மதியம் ஹெத்விகா வந்தாள். கையில் கசகசா அப்பப் பொட்டலம். இந்த வாரம் நகம் பச்சை.

"கடுதாசி எனக்கும் வந்துச்சு," என்றாள். "இப்போ நாம ரெண்டு பேரும் ரெண்டாவது. முதல்ல யாருன்னு கேட்டா பனிமூட்டம்னு சொல்லணும்."

"உன் மனுவைக் கெடுத்துட்டேன். நான் வாயை மூடிட்டு ரெண்டு வரி சிபாரிசு எழுதியிருந்தா ஒருவேளை உனக்கு..."

"ஒருவேளை கிடைச்சிருக்கும். காலம் பூரா நாலு நாலுக்காரியா நின்னு சொல்லிக்குடுத்திருப்பேன்." ஹெத்விகா ஒரு அப்பத்தைப் பிய்த்து அவள் வாயருகே நீட்டினாள். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. அது வேற கணக்கு. முதல்ல இதைத் தின்னு, அப்புறம் அந்தப் பீப்பாயை ஓரமா வை."

தளம் அப்போதுதான் கழுவி உறைந்திருந்தது. ஹெத்விகா பையிலிருந்து பழைய காலணியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஆறு வருடம் போடாத கால். இடது காலில் பின்னோக்கிச் சாய்ந்து மெதுவாக வட்டம் போனாள். சுருக்குக்குள் நுழைந்தபோது கை ஒருமுறை காற்றில் துழாவியது. மூன்று சுற்றும் போட்டுவிட்டு வெளியே வந்தாள். இருவரும் பனியில் மண்டியிட்டார்கள்.

"சுருக்கு நீளம்," என்றாள் மிலாதா. "மூணாவது சுற்று விரலகலம் வெளியே."

"கட்டுப்பாடு இல்லையா, துணிச்சலா?"

"விரலகலம் வெளியே. அவ்வளவுதான். மத்ததெல்லாம் பனியில இல்ல."

ஹெத்விகா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தாள் வச்சிருக்கியா?"

அன்று மாலையே காலணி வாடகைக்கு விடும் மேடையில் வைத்து இரண்டாவது மனுவை எழுதினார்கள். பட்டம் கேட்கவில்லை, உரிமமும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி: 'ஒரே கோட்டுக்கு ஒருத்திக்கு 4.4, இன்னொருத்திக்கு 5.1. இவற்றில் எது சரி?' கீழே இருவரும் கையெழுத்திட்டார்கள்.

"பதில் போட மாட்டாங்க," என்றாள் ஹெத்விகா.

"மாசம் ஒண்ணு அனுப்புவோம். ஸ்லாவிக் ஓய்வு பெற்றா அடுத்த ஆளுக்கு. கேள்வி பழசாகாது."

"அது வரைக்கும் நீ நடந்துட்டே இருப்பியா?"

தபால் நிலையம் ஆறு மணிக்கு மூடிவிடும். மை காயாத தாளை ஊதியபடியே மிலாதா வாசலைத் தாண்டியிருந்தாள். ஹெத்விகா ஒரு காலில் சறுக்குக் காலணியும் ஒரு காலில் செருப்புமாக, "இருடி, நானும் வர்றேன்," என்று பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஓடினாள்.